வெடிக்காத தோட்டாவும் ஒரு மதுரைக் கடையும்

மதுரையில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் ஆண்டு முழுவதும் ஒரு தோட்டாவைக்கூடச் சுடுவதில்லை. வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கும் முன்னாள் ராணுவத்தினர், சிறுமலை அடிவாரத்திலும் சாப்டூர், பேரையூர்ப் பக்கங்களிலும் தாத்தா காலத்து .315 அங்குல அளவு ரைஃபிளை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தோப்புக்காரர்கள், தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு முடிவு வந்த பின் திரும்பப் பெற்று வருபவர்கள் என்று இவர்கள் எல்லோருடைய துப்பாக்கியும் பெட்டிக்குள்ளேயே வயதாகிறது. அதனுடன் தோட்டாவும் வயதாகிறது. எனவே இந்த ஊரில் ஒரு துப்பாக்கிக் கடையை மதிப்பிடுவதற்கு, அங்கே புதிய தோட்டா என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்ப்பது போதாது. விசையை இழுத்தும் வெடிக்காமல் போன ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் அதை எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கடை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் இருக்கிறது. பெயரையும் கதவு எண்ணையும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். துப்பாக்கிக் கடைக்கு விளம்பரம் தேவையில்லை, தேவைப்படுபவர் உரிமப் புத்தகத்துடன் விசாரித்து வந்துவிடுவார் என்பது அவருடைய கணக்கு. அது நியாயமாகவே பட்டது. முன்பக்கம் பதிவேடும் இரும்பு அலமாரியும், பின்பக்கம் பழுது பார்க்கும் மேசையும் என்று இரண்டு அறைகள் கொண்ட சிறிய இடம். மேசைக்குப் பொறுப்பானவர் ராணுவத்தின் இ.எம்.இ. என்னும் மின்னணு, இயந்திரப் பொறியாளர் பிரிவில் ஆயுதம் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வருகிறவர்கள் அவரை ‘ஐயா’ என்கிறார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் உரிமையோடு ‘அண்ணே’ என்று அழைக்கிறார்கள். கடையின் உண்மையான சரக்கு அவருடைய கண்தான் என்று சொல்வேன்.

நான் காத்திருந்தபோது ஒரு வங்கிக் காவலர் வந்தார். பயிற்சிச் சுடுதலில் இரண்டு பன்னிரண்டு போர் (குழல் அளவின் பெயர்) தோட்டாக்கள் வெடிக்கவில்லை என்று அவற்றை மேசைமேல் வைத்தார். பெரியவர் அவற்றைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி இது: “வெடிக்கலேன்னு தெரிஞ்சதும் எம்புட்டு நேரம் பொறுத்தீக?” உடனே துப்பாக்கியை மடக்கித் திறந்துவிட்டதாகக் காவலர் சொன்னபோது பெரியவர் திட்டவில்லை, ஆனால் தோட்டாவைப் பற்றிய பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, இனிமேல் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடியே குறைந்தது முப்பது நொடி பொறுத்த பிறகுதான் திறக்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். காரணம் எளிது. தோட்டாவின் அடியில் அடிபட்டதும் எரிந்து வெடிமருந்தைப் பற்ற வைக்கும் சிறு கிண்ணமான பிரைமர் ஈரத்தாலோ வயதாலோ வலுவிழந்திருந்தால், உடனே எரியாமல் சற்றுத் தாமதித்து மருந்தைப் பற்ற வைக்கக்கூடும். பெரும்பாலும் அந்தத் தாமதம் ஒரு நொடிக்கும் குறைவானதே. அப்படித் தாமதித்து வெடிக்கிற தோட்டா, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் ‘அறை’ பூட்டியிருக்கும்போது வெடித்தால் குண்டு குழல் வழியே போய்விடும். திறந்த துப்பாக்கியில் வெடித்தால் பித்தளைத் துண்டுகள் முகத்துக்கு வரும்.

அதன் பிறகே அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். வெடிக்காத தோட்டாவின் பின்புறத்தில், விசையை இழுத்ததும் பிரைமரை அடிக்கும் ஊசி பதித்த பள்ளம்தான் அவருக்கு முதல் சாட்சி. பள்ளம் ஆழமாகவும் நடுவிலும் இருந்து தோட்டா வெடிக்கவில்லை என்றால் பழுது பிரைமரில் இருக்கிறது. பள்ளம் மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: சுருள்வில் தளர்ந்திருக்கலாம், ஊசி முனை தேய்ந்திருக்கலாம், அல்லது ஊசி ஓடும் பாதையில் பழைய எண்ணெய் இறுகியிருக்கலாம். நம் பக்கத்து வீடுகளில் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது. சித்திரையில் ஒழுங்காக அடித்த ஊசி மார்கழி விடியற்காலையில் மெதுவாக அடிப்பதற்கு வேறு மர்மமான காரணம் எதுவும் வேண்டியதில்லை. இந்த உண்மையைச் சொல்லாமல் புதுத் தோட்டாவை விற்றுவிட்டுப் போகும் கடைகளையும் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காவலருடைய தோட்டாவில் பள்ளம் ஆழமாகவே இருந்தது. பிரைமரைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் பூத்திருந்தது. தோல் வாரில் கோத்துப் பல ஆண்டுகள் இடுப்பில் சுமந்த தோட்டாக்கள் அவை. தோல் பதனிடப் பயன்படும் துவர்ப்புப் பொருள்களும் வியர்வையின் உப்பும் சேர்ந்து பித்தளையை அரிக்கின்றன. களிம்பு பார்ப்பதற்கு அசிங்கம் என்பதோடு நிற்பதில்லை, பிரைமர் கிண்ணத்துக்கும் தோட்டாவின் வெளிக்கூடான உறைக்கும் இடையிலான பொருத்தத்தைக் கெடுத்து ஈரத்துக்கு வழி விடுகிறது. தோல் வாரைத் தோட்டா வைக்கும் பெட்டியாகப் பயன்படுத்தக் கூடாது, பணி முடிந்ததும் தோட்டாக்களைக் கழற்றி அட்டைப் பெட்டிக்கு மாற்ற வேண்டும், பணிக்கு எடுத்துச் செல்லும் தோட்டாக்களைப் பழையதாகும் முன் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை எடுக்க வேண்டும் என்று பெரியவர் சொன்னார். வெடிக்காத தோட்டாக்களைக் காவலர் கையிலேயே திருப்பிக் கொடுக்காமல் கடையின் பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வெடிக்காவிட்டாலும் கணக்கில் அது தோட்டாதான். அதைக் குப்பைத் தொட்டியிலோ வைகையிலோ போட்டுவிட்டுப் புத்தகத்தில் ‘சுட்டது’ என்று எழுதும் வழக்கத்தை இந்தக் கடை ஊக்குவிப்பதில்லை. மேசையில் வைத்துக் குறட்டால் குண்டைப் பிடுங்கி உள்ளே பார்க்கச் சொன்னவர்களுக்கும் இங்கே ஒரே பதில்தான், அது முடியாது என்பது.

கடையில் எனக்கு மிகவும் பயன்பட்டது பின் அறையில் இருக்கும் கண்ணாடி மூடிய ஒரு மரத்தட்டு. அதில் பெரியவர் சேர்த்து வைத்திருக்கும் சுட்ட உறைகள் பிரைமர் மேல்நோக்கி இருக்கும்படி வரிசையாக நிற்கின்றன. வேலை குறைவாக இருக்கும் நேரத்தில் கேட்டால் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குகிறார். இதற்குக் கட்டணம் கிடையாது. ஓரங்கள் வளைவாகவே இருக்கும் ஒழுங்கான பிரைமரை முதலில் காட்டுகிறார். அடுத்தது, அழுத்தம் மிகுந்து ஓரங்கள் மழுங்கி, உறையின் அடிப்பகுதியோடு ஒட்டிப் பூசியதுபோல் தட்டையாகிவிட்ட பிரைமர். அதற்கும் அடுத்தது, ஊசிப் பள்ளத்தைச் சுற்றி எரிமலை வாய்போல் விளிம்பு எழும்பியது. கடைசியில் ஊசி துளைத்து ஓட்டை விழுந்து சுற்றிலும் கரி படிந்தது. இந்தக் கடைசி வகையில் எரியும் வாயு ஊசித் துளை வழியே, அறையைப் பின்புறம் மூடும் போல்ட்டுக்குள் பின்னோக்கிப் பாய்கிறது. சுடுபவர் கண்ணாடி அணிந்திராவிட்டால் பார்வை போகும் அபாயம் அதில் இருக்கிறது. தட்டையான பிரைமரை மட்டும் வைத்து அழுத்தம் அதிகம் என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார். பிரைமரின் உலோகம் மென்மையாக இருந்தாலும், துப்பாக்கியின் அறை தேய்ந்து தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடியிருந்தாலும் ஏறக்குறைய அதே தோற்றம் வரும். அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது, அளக்கும் கருவி அவரிடம் இருக்கிறது.

தட்டில் வெளிநாட்டு உறைகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகச் சில படங்களை அச்சிட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மருமகன்களும் பேரன்களும் வீட்டிலேயே சுட்ட உறையில் புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவை மறுபடி நிரப்பிச் சுடுவதைப் பார்த்துவிட்டு, “இங்க ஏன் அதச் செய்யக் கூடாது?” என்று கேட்டு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். அந்தக் கேள்விக்குக் கடை இரண்டு பதில் வைத்திருக்கிறது. முதலாவது சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். நம் கையில் இருப்பது வைத்துக்கொள்வதற்கான உரிமம், தயாரிப்பதற்கானது அன்று. தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் ‘தோட்டா’ என்ற சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தப் பிரிவை மீறித் தயாரிப்பவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டியில் ஒரு கைக்கருவியையும் நூறு பிரைமரையும் போட்டுக் கொண்டுவரச் சொல்லும் மாமனார்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பது நல்லது.

இரண்டாவது பதில் அந்தப் படங்கள். பிரைமர் என்பது ஒரு சிறு உலோகக் கிண்ணம்; அதனுள் அடிபட்டால் வெடிக்கும் கலவையும், அந்தக் கலவையை எதிர்ப்புறம் தாங்கி நசுக்க உதவும் சிறு பட்டடையும் இருக்கின்றன. இன்றைய கலவையில் முதன்மையானது ஈய ஸ்டிஃப்னேட் என்ற வெடிபொருள். வெளிநாட்டில் வீட்டில் நிரப்புபவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்தக் கிண்ணத்தை உறையின் குழியில் சரியாகப் பதிக்காததால் வருவது. குழியில் பழைய கரி தங்கியிருந்தால் பிரைமர் அடி வரை போய் உட்காராது. அப்படி உட்காராத பிரைமரை ஊசி அடிக்கும்போது அடியின் வலிமை கிண்ணத்தை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும்; முதல் அடியில் வெடிக்காமல், இரண்டாவது அடியில் வெடிக்கும். தோட்டா ‘சில நேரம்’ வெடிக்கவில்லை என்று சொல்பவர்கள் பலருக்கும் காரணம் இதுவே. இதைவிட மோசமானது, உறையின் அடிமட்டத்துக்கு மேல் துருத்தி நிற்கும் பிரைமர். ஊசி சுதந்திரமாக ஆடும் அமைப்புள்ள அரைத் தானியங்கி ரைஃபிள்களில், எம்1 கேரண்ட், ஏஆர்-15 போன்றவற்றில், போல்ட் வேகமாக மூடும்போதே துருத்திய பிரைமர் வெடித்துவிடக்கூடும். விசையில் விரலே இல்லாமல், சில சமயம் போல்ட் முழுவதுமாகப் பூட்டிக்கொள்வதற்கும் முன்பே. பதித்த பிரைமர் உறையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை இறங்கியிருக்க வேண்டும் என்று அங்கே விதி வைத்திருப்பதும், ஒவ்வொரு உறையையும் விரலால் தடவிப் பார்ப்பதும் இதனால்தான்.

ரைஃபிளுக்கான பெரிய பிரைமரும் கைத்துப்பாக்கிக்கான பெரிய பிரைமரும் ஒரே விட்டம், 0.210 அங்குலம், உயரமும் கிண்ணத்தின் தடிமனும் மட்டும் வேறு. மாற்றிப் போட்டால் ரைஃபிளில் மெல்லிய கிண்ணம் துளைபடும், கைத்துப்பாக்கியில் பிரைமர் துருத்தும். பெட்டியை விட்டு வெளியே கொட்டிய பிரைமர்களை எது எதென்று கண்ணால் பிரிப்பது கடினம் என்பதால், வாங்கிய பெட்டியிலேயே அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் முதல் விதி. அந்தப் பெட்டி ஒவ்வொரு பிரைமரையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கண்ணாடிக் குப்பியில் மொத்தமாகக் கொட்டினால், ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். பிரைமர்களை ஒரு குழாயில் அடுக்கி ஊட்டும் கருவிகளில் அப்படி நடந்து விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சிவகாசியின் சுருள் கேப்பை நகத்தால் கிள்ளி வெடித்து வளர்ந்த நமக்கு ‘கேப்பு’ என்றால் பயமே இல்லை. பெரியவர் அதிகம் போராடுவது இந்த அலட்சியத்தோடுதான். “கேப்பு சின்னதுதானேன்னு நெனைக்கிறாக. சின்னதுதான். கண்ணும் சின்னதுதான்” என்றார். இவ்வளவையும் படங்களோடு கேட்ட பிறகு, தொழிற்சாலைத் தோட்டாவின் விலை எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை.

அந்தத் தொழிற்சாலைத் தோட்டாவைப் பற்றி. .315 என்பது பழைய ஆஸ்திரிய ராணுவத்தின் 8×50 மேன்லிஷர் தோட்டாவின் வழியில் வந்தது, ராணுவம் பயன்படுத்திய .303 அளவு குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டதால் இந்தியாவில் நிலைபெற்றுவிட்ட அளவு. ரைஃபிள் மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் தயாரானது. தோட்டாவுக்கு நாம் அரசுத் தொழிற்சாலையைத்தான் நம்பியிருக்கிறோம். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின் அந்தப் பொறுப்பு அவற்றில் ஒன்றான மியூனிஷன்ஸ் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. இந்தக் கடையில் தோட்டாப் பெட்டியைப் பிரிக்காமல், தொகுதி எண் தெரியும்படி வாடிக்கையாளரிடம் காட்டி, அவர் கேட்டால் வேறு தொகுதியையும் காட்டி விற்கிறார்கள். விற்ற தேதியைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதியும் தருகிறார்கள். சிறிய செயல்தான், ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு தோட்டா வெடிக்காதபோது, அந்தத் தொகுதியில் மீதமிருப்பவற்றை நம்பலாமா என்று முடிவு செய்ய அந்த எழுத்தைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது. சில்லறையாகப் பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் கடைகளில் இந்த வசதி இல்லை.

பாதுகாப்பாக வைக்கும் முறையில் மதுரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, வெயில். பிரைமரையும் மருந்தையும் நீண்ட காலச் சூடு மெதுவாகக் கெடுக்கும். தகரக் கொட்டகையின் பரணிலும், கத்திரி வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியிலும் தோட்டாவை வைப்பதைப் பெரியவர் கண்டிக்கிறார். தரைத்தளத்தில், ஈரம் ஏறாத உள்சுவர்ப் பக்கம், இறுக மூடும் தகரப் பெட்டியில், துப்பாக்கி எண்ணெயிலிருந்து விலக்கி வைக்கச் சொல்கிறார். எண்ணெய் தடவினால் தோட்டா பாதுகாப்பாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. இன்றைய தோட்டாக்களில் பிரைமரைச் சுற்றி அரக்குப் பூச்சு இருப்பதால் உடனே கெட்டுவிடாது என்றாலும், ஊடுருவும் தன்மையுள்ள எண்ணெய் நாளடைவில் கசிந்து கலவையை ஊறவைக்கலாம். எண்ணெய் பட்ட தோட்டா அறைச் சுவரைப் பிடிக்காமல் வழுக்கிப் பின்புறம் போல்ட்டின் மேல் சுமையையும் கூட்டும். தாத்தா விட்டுச்சென்ற, தொகுதி தெரியாத தோட்டாக்களைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பின் குழலில் தங்கும் பொட்டாசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவைக் கிளப்பும், எண்ணெயில் அது கரையாது. அதனால்தான் .303 காலத்தில் பட்டாளத்தில் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். கலவையில் பாதரசம் இருந்திருந்தால் பித்தளையும் நொறுங்கும் தன்மை அடையும். அப்படிப்பட்ட தோட்டாக்களைச் சுடுவதைவிடக் கடையில் ஒப்படைத்துவிடுவதே மேல் என்பது அவர் முடிவு; எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பழுது பார்க்கும் கூலிக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தருவதில்லை. போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, சுருள்வில் மாற்ற வேண்டியிருந்தது என்று திரும்ப வாங்கும்போது சொல்கிறார்கள். மாற்றிய பழைய வில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது, கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள். பெரியவர் வராத நாளில் முன் அறையில் இருக்கும் இளைஞர்கள் விற்பனைக்கு மேல் எதுவும் சொல்ல முடியாதவர்கள். தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். வண்டி நிறுத்த இடம் இல்லை, அதற்குக் கடையைக் குறை சொல்லிப் பயனும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே உறுத்தியது வேறொன்று. சுட்ட உறைகளைத் துலக்கும் அதே மேசையின் ஓரத்தில் தேநீர்க் குவளைகள் இருந்தன, வடையும் வந்தது. பிரைமரின் புகையிலும் கரியிலும் ஈயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் விரலிலிருந்து வாய்க்குப் போவதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மெதுவாக நேரும் ஆபத்து. நான் சொன்னதும் குவளைகளை முன் அறைக்கு மாற்றினார்கள், பெரியவர் சோப்புப் போட்டுக் கைகழுவியும் வந்தார். ஆனால் பையன் மேசையடியைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூளைக் கிளப்புவது அடுத்த முறை போனபோதும் தொடர்ந்தது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டிய இடம் அது. மற்றவர்களின் கண்ணுக்காக இவ்வளவு கவலைப்படும் கடை தன் பணியாளரின் இரத்தத்துக்காகவும் கொஞ்சம் கவலைப்படலாம்.

விளையாட்டுக்காக .22 சுடுபவர்களுக்கு இந்தக் கடையால் பெரிய பயன் இல்லை. .22 தோட்டாவில் தனிப் பிரைமரே கிடையாது. கலவை உறையின் விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது, அது ஓரிடத்தில் குறைந்திருந்தால் அந்த இடத்தில் விழும் அடி வீணாகும். அதைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் தமக்கு அந்த வகையில் அனுபவம் குறைவு என்று ஒளிக்காமல் சொன்னார். இறக்குமதித் தோட்டாவும் இங்கே வருவதில்லை, எனவே அவர்கள் தங்கள் ரைஃபிள் சங்கத்தின் வழியாக வாங்குவதையே தொடரலாம். பன்னிரண்டு போரும் .315உம் வைத்திருப்பவர்கள் மூல உரிமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முற்பகலில் போனால், பெரியவர் தட்டைத் திறந்து காட்டும் அளவுக்கு நேரம் கிடைக்கும். மாலையில் பணிமாற்றத்துக்கு முன் வரும் காவலர்களின் கூட்டத்தில் அது நடக்காது.